பதினொரு நிறத்தில் ஒரு கச்சான் ஆச்சி

மருமகள் தன் வீடியோ விளையாட்டுக்காக வரைந்த, கச்சான் (நிலக்கடலை) விற்கும் ஆச்சியின் அளவு 32க்கு 48 பிக்சல் (படத்தின் சிறு சதுரப் புள்ளி). உருவத்தில் குறை சொல்ல எதுவும் இல்லை. சற்றே கூனிய முதுகு, இடுப்பில் இடுக்கிய சுளகு, பின்கழுத்தில் சரிந்த கொண்டை. யாழ்ப்பாணத்து நல்லூர்க் கோயில் திருவிழாவுக்கு ஒருமுறை போனவர்கூட ஆச்சியை உடனே அடையாளம் கண்டுவிடுவார். கோளாறு முழுவதும் நிறத்தில்தான். முகம் பழைய பலாமரக் கதவுபோல இருந்தது. சேலை பின்னாலிருந்த கோயில் மதிலோடு கலந்து காணாமல் போனது. உடம்பெல்லாம் ஓரத்தில் கறுத்து, நடுவில் வெளிறி, ஊதிப்போன பொம்மையாகத் தெரிந்தது. "எங்கே பிழை என்று தெரியவில்லை மாமா, அழுக்காக இருக்கிறது" என்று எழுதி அனுப்பியிருந்தாள். உயர்தரம் படிக்கிற பிள்ளை. கண் சரியாகவே வேலை செய்கிறது. அச்சகத்தில் நிறம் பிரிக்கிறவன் என்பதால் என்னிடம் வந்தாள்.

படத்தைத் திருத்துவதற்கு முன் கோப்பைத் திருத்த வேண்டியிருந்தது. வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக வந்தது ஜேபெக். அந்த வடிவம் படத்தை எட்டுக்கு எட்டு பிக்சல் கட்டங்களாக வெட்டி, நுண்விவரத்தைக் குறைத்துச் சுருக்குகிறது. புகைப்படத்தில் அது தெரியாது. ஒவ்வொரு புள்ளியும் கையால் வைத்த படத்தில் எல்லைகள் எல்லாம் பிசுபிசுத்துப்போகும். மூலக் கோப்பை விவரம் இழக்காத பிஎன்ஜி வடிவில், ஆவணமாக இணைத்து அனுப்பச் சொன்னேன். பிக்சல் படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்புகிற எல்லோருக்கும் இதையே சொல்வேன்.

மூலக் கோப்பை லிப்ரெஸ்பிரைட் என்ற பிக்சல் பட மென்பொருளில் திறந்தபோது அடுத்த சிக்கல் தெரிந்தது. இந்தச் சிறிய உருவத்துக்குள் அறுபதுக்கும் மேற்பட்ட நிறங்கள். அவள் அத்தனையையும் தேர்ந்தெடுக்கவில்லை. கைத்தொலைபேசிச் செயலியின் தூரிகை மென்மையான விளிம்பு கொண்டது. ஒரு கோடு இழுத்தால் அதன் இருபக்கமும் இடைநிறங்களைத் தானாகவே தூவிவிடும். உருவத்தின் ஓரத்திலும் பாதி ஒளிபுகும் பிக்சல்கள் ஒட்டிக்கொண்டிருந்தன. வெள்ளைப் பின்னணியில் அவை கண்ணுக்குப் படாது. மதிலின் முன் நிறுத்தியதும் ஆச்சியைச் சுற்றி வெளிறிய வளையம் தோன்றியது. ஒரு பிக்சல் பென்சிலை எடுத்து, பாதி ஒளிபுகுபவற்றை எல்லாம் அழித்து, கோப்பைச் சுட்டு நிற முறைக்கு மாற்றினேன். அந்த முறையில் ஒவ்வொரு பிக்சலும் வண்ணத்தட்டில் ஓர் இடத்தின் எண்ணை மட்டுமே வைத்திருக்கும். தட்டில் ஒரு நிறத்தை மாற்றினால் படத்தில் அந்த நிறம் உள்ள இடமெல்லாம் மாறும். நிறத்தைத் தேடிக்கொண்டிருக்கும் கட்டத்தில் இதைவிட வசதி வேறில்லை.

எத்தனை நிறம் வைத்துக்கொள்வது? நின்டென்டோ 1983இல் வெளியிட்ட ஃபாமிகாம் விளையாட்டுக் கருவியில் நகரும் உருவத்தின் ஒவ்வொரு துண்டுக்கும் மூன்று நிறமும் ஒளிபுகும் ஓர் இடமும்தான். அந்தக் கட்டுப்பாடு இன்று யாருக்கும் இல்லை. ஆனாலும் குறைவாக வைத்தால் ஒவ்வொரு நிறமும் எதற்காக இருக்கிறது என்று பதில் சொல்ல வேண்டிவரும். அச்சகத்தில் மை ஒன்று கூடினால் செலவு கூடும். அதனால் இந்தக் கணக்கு எனக்குப் பழகியது. பன்னிரண்டுக்குள் முடிப்பது என்று தீர்மானித்தேன்.

அதற்குமுன் ஒளி எங்கிருந்து வருகிறது என்பதை முடிவுசெய்ய வேண்டும். மருமகளிடம் கேட்டபோது பதில் இல்லை. ஊதிப்போன பொம்மைத் தோற்றத்துக்குக் காரணமும் அதுதான். ஒளி எங்கே என்று தெரியாமல் நிழல் போட்டால் கை தானாகவே வெளிக்கோட்டைப் பின்பற்றும். ஓரமெல்லாம் இருள், உள்ளே போகப் போக வெளிச்சம் என்று படிப்படியாக நிறைத்துவிடும். பிக்சல் ஆர்ட்காரர்கள் இதைத் தலையணை நிழல் என்பார்கள். முகம், கை, சுளகு எதுவானாலும் ஒரே மாதிரிப் புடைத்து நிற்கும்.

விளையாட்டில் ஆச்சி கோயிலின் வடக்குப் புற மதிலின் முன்னால் நடந்துபோகிறாள். நாம் வடக்கே நின்று தெற்கு நோக்கிப் பார்க்கிறோம். அப்படியானால் இடப்பக்கம் கிழக்கு. நல்லூர்த் திருவிழா 25 நாள். பெரும்பாலும் ஆகஸ்டை ஒட்டியே வரும். யாழ்ப்பாணம் வட அகலாங்கு 9.7 பாகையில் இருப்பதால், ஏப்ரல் நடுப்பகுதியிலிருந்து ஆகஸ்ட் கடைசி வாரம் வரை மதியச் சூரியன் நம் உச்சிக்குச் சற்று வடக்கேதான் நிற்கும். எனவே திருவிழாக் காலத்துக் காலை வெயில் வடக்கு மதிலில் நேரே படும். தெற்கு மதிலுக்குப் படாது. இதை மருமகள் கணக்குப்பண்ணி மதிலைத் தேர்ந்தெடுக்கவில்லை, அதிர்ஷ்டம். நேரத்தையும் பேசித் தீர்த்தோம். நண்பகல் வேண்டாம். உச்சி வெயிலில் கண்குழி கறுத்து, மூக்கின் கீழே ஒரு கரிக்கோடு விழுந்து, ஆச்சி கோபக்காரியாகிவிடுவாள். காலை எட்டேகால் என்று வைத்துக்கொண்டோம். அப்போது சூரியன் அடிவானத்திலிருந்து சுமார் முப்பது பாகை உயரத்தில் இருக்கும். ஒளி இடமேல் மூலையிலிருந்து, இளமஞ்சளாக. அந்த உயரத்தில் தரையில் விழும் நிழல் ஆளின் உயரத்தைப்போல் ஒன்றரை மடங்குக்கு மேல் நீளும். அதை அப்படியே வரைந்தால் திரை முழுக்க நிழல்தான் ஓடும். காலடியில் ஒரு சிறிய நீள்வட்டத்தோடு நிறுத்திக்கொண்டோம். வானியலுக்கு உண்மையாக இருப்பதற்கும் ஓர் எல்லை உண்டு.

ஒளி தெரிந்ததும் நிழலூட்டல் பாதி முடிந்ததுபோல. பழைய நிழலை முழுதாக அழித்து ஒவ்வொரு பகுதிக்கும் ஒரே அடிநிறம் நிரப்பினேன். பிறகு உருவத்தைச் சேலை, கை, தலை என்று பார்க்காமல் உருண்டை, உருளை, தட்டை என்று பார்த்தேன். தலை உருண்டை, நிழல் வலக்கீழே பிறையாக விழும். உடம்பு உருளை, வலப்புறம் மேலிருந்து கீழாக ஒரு நிழற்பட்டை. சுளகு தட்டை, அதன் உட்புறம் ஒளியை நோக்கிச் சாய்ந்திருப்பதால் முழுவதும் ஒரே வெளிச்சம், அதற்குள் படிப்படியான நிழலே வேண்டாம். மருமகள் சுளகுக்கும் நடுவில் வெளிச்சம், ஓரத்தில் இருள் என்று வைத்திருந்தாள். அது பந்தாகத் தெரிந்தது. ஒரே நிறமாக்கி வலது விளிம்பில் மட்டும் ஒரு இருள்கோடு வைத்ததும் சுளகு சுளகானது. அதிகம் செய்யாமல் விட்டதால் சரியான இடம் அது ஒன்றுதான்.

தோல் நிறத்தில்தான் நேரம் போனது. சரியாகச் சொன்னால், இந்தத் திருத்தமே அதற்காகத்தான்.

இணையத்தில் கிடைக்கும் ஆயத்த வண்ணத்தட்டுகள் பலவற்றில் தோலுக்கென்று வைத்திருப்பது இளஞ்சிவப்பு கலந்த வெளிர் நிறங்கள். மண்ணிறம் இருக்கும், அது மரத்துக்கும் மண்ணுக்கும் வைத்தது. நம் ஆட்களை வரைகிறவர்கள் அந்த மர நிறத்தை எடுத்து, நிழலுக்கு அதிலேயே கறுப்பைக் கூட்டுவார்கள். மருமகள் செய்ததும் அதுதான். அடிநிறம் நல்ல தேர்வு: சிவப்பு 146, பச்சை 86, நீலம் 54 (ஒவ்வொன்றும் 0 முதல் 255 வரை போகும் அளவு; இனி வரும் மும்மூன்று எண்களும் இதே வரிசையில்). நிழலுக்கு மூன்று எண்ணையும் ஒரே விகிதத்தில் குறைத்திருந்தாள்: 117, 69, 43. அதற்கும் கீழே 88, 52, 32. நிறங்களைச் சிவப்பில் தொடங்கி 360 பாகையாகச் சுற்றி அடுக்கும் நிறச்சாயல் வட்டத்தில் மூன்றும் அதே 21 பாகைதான். ஒளிர்வு மட்டும் இறங்குகிறது. அழுக்கு என்று அவள் கண்டது இதைத்தான்.

வெயிலில் நிற்கிற ஆளின் நிழற்பக்கம் ஒளியில்லாத பக்கம் அல்ல. அங்கே சூரியன் நேரே படாது, அவ்வளவுதான். நீலவானம் அதன்மேல் ஒளி வீசிக்கொண்டே இருக்கிறது. எனவே நிழலின் நிறச்சாயல் குளிர்ந்த பக்கம் நகர வேண்டும். வெளிச்சப் பக்கம் மஞ்சளை நோக்கி நகர வேண்டும். மண்ணிறத் தோலுக்கு இந்த நகர்வு சிவப்பு வழியாகக் கருஞ்சிவப்புக்கும் ஊதாவுக்கும் போகும். பச்சை வழியாக நீலத்துக்குப் போனால் ஆளுக்கு நோய் வந்துவிடும். அடிநிறத்தைத் தொடாமல் மற்ற மூன்றையும் புதிதாக வைத்தேன். வெளிச்சம் 196, 136, 84. அதன் சாயல் 28 பாகை. அடிநிறம் 21. நிழல் 98, 50, 44. சாயல் 7 பாகை. மிகக் கடைசி இருள் 58, 28, 40. அது சிவப்பையும் தாண்டி 336 பாகைக்குப் போய்விட்டது, அதாவது ஊதா கலந்த கருஞ்சிவப்பு. அந்தக் கடைசி நிறத்தைத் தனியாக ஒரு சதுரத்தில் பார்த்தால் கத்தரிக்காய்த் தோல் நிறம். இதை ஆச்சியின் கழுத்தில் எப்படி வைப்பது என்று மருமகள் தயங்கினாள். வைத்த பிறகு அது ஊதாவாகத் தெரியவில்லை, நிழலாகத்தான் தெரிந்தது.

நிறங்களுக்கு இடையிலான தூரத்தையும் அளந்து பார்த்தேன். கண்ணுக்குத் தெரியும் வெளிச்சத்தில் பச்சைக்குப் பங்கு அதிகம், நீலத்துக்கு மிகக் குறைவு. பழைய தொலைக்காட்சிக் கணக்கில் சிவப்பு 0.299, பச்சை 0.587, நீலம் 0.114. அந்த விகிதத்தில் கூட்டினால் ஆச்சியின் தோல் நான்கும் 38, 64, 100, 148 என்று வருகின்றன. இடைவெளி மேலே போகப் போக விரிகிறது. மருமகளின் பழைய நிறங்கள் மூன்றும் 60, 80, 100. உண்மை அளவில் பார்க்கும்போது அவற்றில் நடுவிலுள்ளது இருந்தும் இல்லாததும் ஒன்றே. கறுத்த தோலில் வெளிச்சம் படும் இடம் வெளிர் தோலைவிடக் கூர்மையாக மினுங்கும். எனவே 148ஐப் பரவலாகப் பூசாமல் நெற்றி மேடு, கன்னம், தோள், முழங்கை என்று சில பிக்சல்களில் மட்டும் வைத்தேன்.

சேலைக்கும் மதிலுக்கும் நடந்த சண்டை வேறு வகை. நல்லூர் மதிலின் சிவப்பு வெள்ளைப் பட்டைகளை மாற்ற முடியாது. மாற்றினால் அது நல்லூர் இல்லை. மருமகள் முதலில் சிவப்புச் சேலை கொடுத்து, அது மறைந்துபோனதால் பச்சைக்கு மாறியிருந்தாள். சிவப்புக்கு எதிர்நிறம் பச்சை, எனவே தெளிவாகத் தெரிய வேண்டும் என்பது அவள் கணக்கு. தெரியவில்லை. படத்தைச் சாம்பல் நிறத்துக்கு மாற்றிப் பார்த்தபோது காரணம் வெளியே வந்தது. மதிலின் சிவப்பு 176, 48, 40. மேலே சொன்ன விகிதத்தில் வெளிச்சம் 85. சேலையின் பச்சை 40, 110, 90, வெளிச்சம் 87. சாம்பலில் இரண்டும் ஒரே நிறம். எதிர்நிறங்கள் ஒரே வெளிச்சத்தில் அடுத்தடுத்து நின்றால் எல்லை கண்ணுக்குப் பிடிபடாமல் துடிக்கும்.

சேலையை இருட்டாக்கலாம் என்றாள். நான் மதிலைத் தணிக்கலாம் என்றேன். ஆச்சி ஓரிடத்தில் நிற்பவள் அல்ல. இன்னும் பல ஆட்கள் அதே மதிலின் முன்னால் வரப்போகிறார்கள். ஒவ்வொருவரின் உடையையும் மதிலுக்கு அஞ்சி மாற்றிக்கொண்டிருக்க முடியாது. மதிலின் சிவப்பை 196, 112, 100 ஆக்கினோம். செறிவு 77 விழுக்காட்டிலிருந்து 49க்கு இறங்கியது; வெளிச்சம் 136க்கு ஏறியது. தூரத்தில், காலைத் தூசியில் பார்க்கும் மதிலாக அது பின்னால் போய் நின்றுகொண்டது. பழைய கடுஞ்சிவப்பை வீணாக்காமல் ஆச்சியின் சேலைக் கரைக்கு வைத்தோம். இப்போது திரையில் அந்தச் செறிவான சிவப்பு அங்கே மட்டும்தான் இருக்கிறது, கண் நேரே ஆச்சியிடம் போகிறது.

சேலைக்கு மூன்று பச்சை போதும். வெளிச்சம் 96, 164, 110, அடிநிறம் பழையதே, நிழல் 28, 58, 74. சாயல் 132, 163, 201 என்று பச்சையிலிருந்து நீலத்தை நோக்கிப் போகிறது. ஒரு தொல்லை மட்டும் எஞ்சியிருந்தது. சுளகைப் பிடித்த கை சேலையின்மேல் கிடக்கிறது. தோலின் அடிநிறம் 100, சேலையின் அடிநிறம் 87. மறுபடியும் ஒட்டிக்கொள்ளப் பார்த்தன. கையின் மேல்விளிம்பில் வெளிச்ச நிறத்தை வைத்து, கையின் கீழே சேலையில் நிழல் பச்சையை ஒரு வரிசை ஓட்டினேன். கையின் நிழல் சேலையில் விழுவதாகவும் ஆயிற்று, கை பிரிந்து முன்னால் வந்தும் விட்டது.

திருவிழாவில் கோயில் வீதியில் மணல் பரப்புவார்கள். பிரதட்டை செய்கிறவர்கள் உருளுவதற்காக. அந்த மணல் காலை வெயிலில் வெளுத்துக் கிடக்கும். கீழிருந்து மேலே ஒளியைத் திருப்பி அனுப்பும். அதை விட்டுவிட மனம் வரவில்லை. சேலையின் நிழற்பக்கத்தில் கடைசி விளிம்புக்கு ஒரு பிக்சல் உள்ளே நிழல் நிறத்தை வைத்து, விளிம்பிலேயே அடிநிறத்தைத் திரும்பக் கொண்டுவந்தேன். முழங்கையின் அடியிலும் தாடையின் அடியிலும் அப்படியே. புதிய நிறம் தேவைப்படவில்லை. மருமகள் உற்சாகத்தில் அங்கெல்லாம் வெளிச்ச நிறத்தையே வைக்கப் போனாள், தடுக்க வேண்டியிருந்தது. திரும்பி வரும் ஒளி நேரொளியோடு போட்டி போட்டால் இரண்டு சூரியன் ஆகிவிடும்.

தலைமுடியின் நரைக்கு அவள் நீலச் சாம்பல் வைத்திருந்தாள். செறிவு குறைவுதான், ஆனாலும் மண்ணிற முகத்தின் பக்கத்தில் அது சாயம் பூசிய நீலமாகத் தெரிந்தது. ஒரு நிறம் அருகிலிருக்கும் நிறத்தை அதன் எதிர்ப்பக்கம் தள்ளும். பாரிசின் கோபெலின் தொழிற்சாலையில் சாயப் பிரிவை நடத்திய வேதியியலாளர் செவ்ரல், கறுப்பு நூல் மங்கித் தெரிகிறது என்ற முறைப்பாட்டை ஆராயப் போய், சாயத்தில் குறையில்லை, பக்கத்து நிறம்தான் காரணம் என்று கண்டு, 1839இல் அதை விரிவாக எழுதினார். ஆச்சிக்கு நான் வைத்தது 132, 124, 124. தனியே பார்த்தால் சற்றுச் சிவந்த சாம்பல். முகத்தின் பக்கத்தில் வைத்தால் குளிர்ந்த நரை.

முகத்தில் அதிகம் சொல்ல எதுவும் இல்லை, இடமே இல்லை. கண் ஒவ்வொன்றும் ஒரு பிக்சல், கடைசி இருள் நிறத்தில். திருநீறு மூன்று குறியாக வேண்டும் என்று மருமகள் பிடிவாதம் பிடித்தாள். மூன்று கோடும் இடையில் இரண்டு இடைவெளியும் சேர்த்தால் ஐந்து வரிசை. நெற்றி இருப்பதோ இரண்டு வரிசை. ஒரு வரிசையில் மூன்று பிக்சல் வெண்மை வைத்தோம். அந்த வெண்மையும் தூய வெள்ளை இல்லை, 232, 222, 206. மூக்குத்திக்குச் சுளகின் மஞ்சள், 232, 196, 120, ஒரே பிக்சல்.

இப்போது எண்ணிப் பார்க்கலாம். தோலுக்கு நான்கு, சேலைக்கு மூன்று, நரை, வெண்மை, சுளகின் மஞ்சள், கரையின் சிவப்பு. பதினொன்று. கச்சானுக்குத் தனி நிறம் கிடையாது. மஞ்சளும் தோலின் வெளிச்ச நிறமும் மாறி மாறி. வெளிக்கோட்டுக்கும் கறுப்பு இல்லை. ஒளி படும் இடப்பக்கத்தில் அந்தந்தப் பகுதியின் நிழல் நிறமே கோடு. வலப்பக்கத்திலும் காலடியிலும் மட்டும் கடைசி இருள். முழுக்கக் கறுப்புக் கோடு சுற்றியிருந்தபோது, ஆச்சி வெட்டி ஒட்டிய படமாகத் தெரிந்தாள்.

பிறகு துப்புரவு வேலை. நிழலின் எல்லை வெளிக்கோட்டின் படிக்கட்டை அப்படியே பின்பற்றி, ஒவ்வொரு படியும் அதன் பக்கத்துப் படியோடு சேர்ந்து முடிந்தால் பட்டைபட்டையாகத் தெரியும். பிக்சல்கள் பெருத்ததுபோல் இருக்கும். முதுகின் வளைவில் அப்படி இருந்தது. நிழலின் எல்லையை ஒரு பிக்சல் தள்ளி வைத்தால் போதும். இரண்டு நிறப் புள்ளிகளை மாற்றி மாற்றி வைத்து இடைநிறம் காட்டும் உத்தியைச் சேலையில் அவள் முயன்றிருந்தாள். அசையாத வானத்துக்கு அது அழகு. நடக்கும் ஆளின்மேல் ஒவ்வொரு அடிக்கும் புள்ளிகள் மினுமினுக்கும், எடுத்துவிட்டோம்.

விளையாட்டை இயக்கும் மென்பொருள் கோடோ. அதன் நான்காம் பதிப்பில் படத்தின் வடிகட்டி அமைப்பு இயல்பாக மென்மைப்படுத்தும் முறையில் இருக்கும். அதை அருகிலுள்ள பிக்சலை எடுக்கும் முறைக்கு மாற்றாவிட்டால் செய்த வேலை எல்லாம் திரையில் கலங்கிவிடும். பெரிதாக்குவதும் இரண்டு, மூன்று, நான்கு மடங்கு என்று முழு எண்ணில்தான். இரண்டரை மடங்கில் சில பிக்சல்கள் மற்றவற்றைவிடத் தடித்து, ஆச்சியின் ஒரு கண் மற்றதைவிடப் பெரிதாகும்.

இரவுக் காட்சிக்கு அதே உருவத்தை நிறம் மாற்றிப் பயன்படுத்தலாமா என்று கேட்டாள். பதினொரு எண்களை மாற்றினால் போதும். அதற்காகத்தான் சுட்டு நிற முறை. ஆனால் நிறம்தான் மாறும், நிழல் விழும் பக்கம் மாறாது. தரையில் வைத்த பெற்றோல்மாக்ஸ் வெளிச்சத்தில் ஆச்சியை உட்கார்த்த வேண்டுமானால் புதிதாகத்தான் நிழலூட்ட வேண்டும். மேலே குழல்விளக்கு எரியும் வீதி என்றால் இதே படம் ஒத்துவரும். குழல்விளக்கைத் தேர்ந்தெடுத்தாள்.

அடுத்த ஆள் மேலாடை இல்லாமல் வெள்ளை வேட்டியோடு கோயிலுக்குப் போகிறவர். தோலுக்கு அதே நான்கு நிறம். வேட்டிதான் வில்லங்கம்; வெளுத்த மணலின்மேல் வெள்ளை வேட்டி. அடிநிறத்தை வெள்ளையாக வைக்க வேண்டாம், நீலம் கலந்த சாம்பலை வை, வெண்மையை இடப்பக்க மடிப்புகளில் மட்டும் சில பிக்சல் வை, அதிலும் திரும்பி வரும் மணல் ஒளியை வேட்டியின் கீழ்க்கரையில் மறக்காதே என்று எழுதி அனுப்பியிருக்கிறேன். பன்னிரண்டாவது நிறம் ஒன்று கேட்பாள். அந்த நீலச் சாம்பலுக்குக் கொடுக்கலாம்.